ஆல்பத்தைத் தாங்கி நிக்கறது ஒலிக்கலவைதானுங்க

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில உக்காந்திருக்கற பெரியவங்களுக்கும், கோபி மாரியம்மன் நோம்பிக்கு வந்து இந்நேரம் வரைக்கும் எந்திரிக்காம கேட்டுக்கிட்டு இருக்கற உங்க எல்லாத்துக்கும் வணக்கமுங்க.

ஒரு ஆல்பத்தை நாம அனுபவிச்சுக் கேக்கறதுக்குப் பெரிய காரணம் மெட்டா, ஒலிக்கலவையா? எங்க கட்சி ஒலிக்கலவை, அதாவது குரலையும் வாத்தியங்களையும் எந்தெந்த அளவுல சேர்க்கறதுங்கற மிக்ஸிங். எனக்கு முன்னால பேசின புலவர் ஐயா, "நூலு நல்லா இருந்தாப் போதும், சாயம் அப்பறம் பாத்துக்கலாம்"னு திருப்பூர்க் கணக்குல ஒரு வார்த்தை சொல்லி நல்லாக் கைதட்டு வாங்கிட்டாரு. ஆனா ஐயா பேசினது முழுக்க ஒத்தைப் பாட்டைப் பத்திங்க. ஒத்தைப் பாட்டுன்னா நானும் அவரு பக்கமே போயிருவனுங்க. நாலு நிமிசம், நல்ல மெட்டு, எப்படிப் பதிவு பண்ணியிருந்தாலும் காது பொறுத்துக்கும். ஆல்பம் அப்படி இல்லீங்களே. முக்கா மணி நேரம், ஒரு மணி நேரம் ஒரே இடத்துல உக்காந்து கேக்கணும். அவ்வளவு நேரம் காதை உக்கார வெக்கறது யாரு? அதுதான் என்னோட கேள்வி.

இதுக்கு ஒரு ஆதாரம் இருக்குதுங்க. அமெரிக்காவுல மெட்டாலிக்கான்னு ஒரு ராக் குழு. 2008-ல 'டெத் மேக்னடிக்'னு 70 நிமிசத்துக்கு மேல ஓடற ஒரு ஆல்பம் போட்டாங்க. சத்தமா கேக்கணும்ங்கறதுக்காக, தணிஞ்ச இடத்தையெல்லாம் மேல தூக்கி, உயர்ந்த இடத்தையெல்லாம் வெட்டிச் சமமாக்கிட்டாங்க. இதுக்குக் கம்ப்ரஷன்னு, அதாவது நசுக்கறதுன்னு பேரு. அளவா பண்ணினா பாட்டுக்குக் கட்டுக்கோப்பு வரும். இங்க அளவு மீறி, டிரம் அடிக்கற இடமெல்லாம் கரகரன்னு உடைஞ்சு கேட்டுச்சு. அதே சமயத்துல அதே பாட்டுங்க 'கிட்டார் ஹீரோ'ங்கற வீடியோ கேமுலயும் வந்துச்சுங்க. அதுல இவ்வளவு நசுக்கல. ரசிகருங்க ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் கேட்டுட்டு, ஆயிரக்கணக்கானவங்க கையெழுத்துப் போட்டு, மறுபடியும் கலந்து குடுங்கன்னு கேட்டாங்க. கலந்து முடிச்ச பாட்டை வெளியீட்டுக்குச் சரிபண்ற மாஸ்டரிங்கைச் செஞ்ச டெட் ஜென்சன், எங்கிட்ட வரும்போதே அது நசுங்கித்தான் வந்துச்சுன்னு சொன்னாரு.

நடுவர் ஐயா, நீங்களே சொல்லுங்க. மெட்டு அதே மெட்டு. வாசிச்ச கை அதே கை. பாடின தொண்டை அதே தொண்டை. மாறினது கலவை மட்டும்தான். அதுக்கே ஒரு சாரார் காசு குடுத்து வாங்கின ஆல்பத்தை மூடி வெச்சுட்டு, கேமுல இருக்கறதைத் தேடிப் போனாங்கன்னா, எந்தப் பக்கம் எடை கூடுது?

காது ஏன் களைச்சுப் போகுது? ஒரு அடி அடியாக் கேக்கணும்னா அதுக்கு முந்தின நொடி தணிஞ்சு இருந்திருக்கணும். இது நம்மூர் சனத்துக்குத் தெரியாததில்லைங்க. அண்ணன்மார் கதை கேட்டிருக்கீங்கல்ல? பாடறவரு பொன்னர் சங்கரைப் பத்திப் பேச்சாவே தணிஞ்சு சொல்லிக்கிட்டு வருவாரு, கூட்டம் மூச்சை அடக்கிக்கிட்டு இருக்கும், அப்பத்தான் உடுக்கை எந்திரிக்கும். ஆளுக்கு உடம்பு சிலுத்துப் போகும். அந்தப் பேச்சையும் உடுக்கையையும் ஒரே உசரத்துக்குக் கொண்டு வந்து வெச்சுட்டா என்ன மிஞ்சும்? கதையில ஒரு சொல்லு கொறையாதுங்க, மெட்டும் கொறையாது. ஆனா விடிய விடிய உக்காந்து கேட்ட சனம் அரை மணி நேரத்துல வீட்டுக்குக் கெளம்பிரும்.

எதிரணியில பேராசிரியை அம்மா ஒரு நல்ல கேள்வி கேட்டாங்க. "அந்தக் காலத்துல மிக்ஸிங்கே ஏது? டீக்கடை ரேடியோவுல கேட்டு உருகினோமே"ன்னாங்க. உருகினது நெசம், நானும் ஒத்துக்கறனுங்க. மிக்ஸிங் இல்லைங்கறதைத்தான் ஒத்துக்க முடியலீங்க. அப்ப ஒரே கூடத்துல பாடகரும் வாத்தியக்காரங்களும் ஒண்ணாச் சேர்ந்து ஒரே மூச்சுல பதிவு பண்ணுவாங்க. ஒலிப்பதிவாளர் மைக்கைப் பாடகருக்குக் கிட்ட வெப்பாரு, தபலாவுக்கு ஒரு மைக்கு, வயலின் கூட்டத்தைத் தள்ளி உக்கார வெப்பாரு. அந்தத் தூரந்தானுங்க கலவை! மனுசக் காது 2000-ல இருந்து 5000 ஹெர்ட்ஸ் வரைக்கும், அதாவது நொடிக்கு அத்தனை அதிர்வு இருக்கற சத்தத்துக்குத்தான் ரொம்பக் கூர்மை. குரலோட தெளிவும் அங்கதான் இருக்குது. அந்த எடத்துல குரலை முன்னுக்குக் கொண்டு வந்து நிறுத்தினதாலதான், டீக்கடைச் சின்ன ஸ்பீக்கருலயும் கேட்டுச்சு, சோமனூர்ல தறி ஓடற சத்தத்துக்கு நடுவுலயும் கேட்டுச்சு. அம்மா உருகினதுல பாதிப் பங்கு பேரு தெரியாத அந்த ஒலிப்பதிவாளருக்குச் சேரணும்.

அப்பறம் 1992. 'ரோஜா' கேசட். ஈரோடு பஸ்ல, சத்தி பஸ்ல ஓடின ஓட்டம் உங்களுக்கே தெரியும். மெட்டு நல்ல மெட்டு, மறுக்கல. ஆனா சனம் திரும்பிப் பாத்தது எதுக்கு? கீழ பேஸ் தனியாத் தெரிஞ்சுது, தாளம் தனியாத் தெரிஞ்சுது, நடுவுல ஒரு வெத்து எடம் இருந்துச்சு, அதுல குரல் வந்து உக்காந்துச்சு. ரஹ்மானோட பல ஆல்பங்களுக்கு ஒலியைக் கலந்தவரு எச். ஸ்ரீதர். ஒலிப்பதிவுக்கு நாலு தடவை தேசிய விருது வாங்கினவரு, 2008-ல காலமாயிட்டாரு. பாட்டை எழுதினவரைத் தெரியும், பாடினவரைத் தெரியும், இவரு பேரை எத்தனை பேரு சொல்லியிருப்போம்? எனக்கு அது ரொம்ப வருத்தமுங்க.

கலவைன்னா ஏத்திக்கிட்டே போறதுன்னு யாரும் நெனைச்சுக்காதீங்க. மைக்கேல் ஜாக்சனோட 'பில்லி ஜீன்' பாட்டை ஒலிப்பதிவாளர் புரூஸ் ஸ்வீடியன் 91 தடவை கலந்தாரு. கடைசியில அவங்க எடுத்துக்கிட்டது ரெண்டாவது கலவை. போதும்னு எங்க நிறுத்தணும்ங்கறதும் இந்தக் கலைக்குள்ளதானுங்க வருது.

எதிரணித் தலைவர் எந்திரிச்சா ஒண்ணு கேப்பாரு, எனக்குத் தெரியும். அதே மெட்டாலிக்கா 1988-ல போட்ட ஒரு ஆல்பத்துல பேஸ் கிட்டார் காதுலயே விழாது, ஆனாலும் லட்சக்கணக்குல வித்துச்சேன்னு கேப்பாரு. வித்துச்சுங்க. ஆனா வாங்கின ரசிகருங்களே பேஸை ஏத்தி வெச்சுத் தனிப் பதிப்பு செஞ்சு ஒருத்தருக்கொருத்தர் குடுத்துக்கிட்டாங்களே, அது எதுக்குங்க? மெட்டு மட்டும் போதும்னா அந்தப் பாடு படுவாங்களா?

இன்னொண்ணும் சொல்லி முடிச்சுக்கறனுங்க. இப்ப ஸ்பாட்டிஃபை மாதிரி எடத்துல சத்தத்தை அவங்களே ஒரே அளவுக்குக் கொண்டு வந்தர்றாங்க, சுமார் மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ்.ங்கறது கணக்கு, அது காதுக்குக் கேக்கற சத்தத்தை அளக்கற அலகுங்க. நசுக்கிச் சத்தமாக்கின ஆல்பத்தை அது இறக்கி விட்டுரும். சத்தமும் போச்சு, நசுங்கினது நசுங்கினபடியே நிக்கும். அதனால நம்மூர் உடுக்கையை, பம்பையை, ஜமாப்பைப் பதிவு பண்ண வர்ற தம்பிகளுக்கு இந்த மேடையில நின்னே கேட்டுக்கறனுங்க: பாடறவரு தணிஞ்சு பேசற எடத்தைத் தூக்காதீங்க, அப்படியே விடுங்க சாமி. நடுவர் ஐயா தீர்ப்புச் சொல்றதுக்கு முந்தி, டெத் மேக்னடிக்ல ஒரு பாட்டை ரெண்டு கலவையிலயும் இதே மைக்செட்டுல போடச் சொல்லுங்க. சனம் கேட்டுச் சொல்லட்டும்.