பாட்டிலுக்குக் காசு, அப்புறம்தான் சோடா

நடுவர் அவர்களே, எல்லோருக்கும் வணக்கம். 'காலி பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்த வழக்கம் இன்றைக்கும் தேவையா, அது வெறும் பழைய நினைப்பா?' இதுதான் தலைப்பு. தேவை என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன், அந்தக் காலத்து மக்களுக்குப் பொறுப்பு இருந்தது, இப்போது யாருக்கும் இல்லை, அதனால் நடக்காது என்று குரல் தழுதழுக்கச் சொல்லிவிட்டுப் போனார். அண்ணே, நாம் ஒன்றும் பொறுப்பால் திருப்பிக் கொடுக்கவில்லை. கடைக்காரர் விடமாட்டார்!

கோலி சோடாவை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கடை முன்னால் நின்று, கோலியை உள்ளே தள்ளி, பன்னீர் சோடாவைக் குடித்து முடிக்கிற வரைக்கும் கடைக்காரரின் ஒரு கண் நம் கையில் இருக்கிற பாட்டில் மேலேயே இருக்கும். வீட்டுக்கு விருந்தாளி வந்தார்கள், கலர் வாங்கப் போகிறோம் என்றால் காலி பாட்டிலைக் கையோடு கொண்டுபோக வேண்டும், இல்லையா, பாட்டிலுக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். ஏன் இவ்வளவு கெடுபிடி? உள்ளே இருக்கிற தண்ணீரையும் வாயுவையும்விட அந்தப் பாட்டிலுக்குத்தான் விலை. 1872-ல் ஹிராம் காட் என்ற இங்கிலாந்துக்காரர் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. கழுத்துக்குள் ஒரு ரப்பர் வளையம், தலைகீழாகக் கவிழ்த்து வாயுவை ஏற்றினால் அழுத்தமே கோலியைக் கொண்டுபோய் வளையத்தில் அடைத்துவிடும், தனியாக மூடி என்று ஒன்று வேண்டியதே இல்லை. அதையும் கோலிக்காக உடைத்த பையன்கள் இங்கேயும் இருந்தார்கள், இங்கிலாந்திலும் இருந்தார்கள். அண்ணன் சொன்ன பொறுப்பான காலம் அதுதான்.

கண்ணாடி கனம், லாரிக்கு டீசல் யார் போடுவது என்று எதிரணித் தங்கை கேட்டார். கனம்தான், ஒப்புக்கொள்கிறேன். அதனால்தானே ஊருக்கு ஊர் ஒரு சோடா கம்பெனி இருந்தது? மூன்று சக்கர வண்டி போய்த் திரும்புகிற தூரத்துக்குள்ளேயே பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. மாநிலம் விட்டு மாநிலம் அனுப்புகிறவருக்குக் கட்டுபடியாகாமல் போகலாம், பக்கத்து ஊரில் நிரப்புகிறவருக்கு ஆகும். சுத்தம்? சரி, சில பாட்டில்களின் அடியைப் பார்த்தால் குடிக்கவே தோன்றாது. ஆனால் அது சரியாகக் கழுவாதவரின் குற்றம், பாட்டில் என்ன செய்யும்? ஜெர்மனியில் இன்றைக்கும் பீர் பாட்டிலுக்கு 8 சென்ட் முன்பணம் வாங்கி, திரும்பி வந்ததைக் கழுவி, மறுபடி நிரப்பி விற்கிறார்கள்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம், நீலகிரிக்குப் போங்கள். காட்டில் வீசிய மது பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 2022-ல் அங்கே டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் அந்தக் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. நடுவர் அவர்களே, வீட்டுக்குப் போக வழி தெரியாமல் தடுமாறுகிறவருக்கு, பாட்டிலைக் கொடுக்க மட்டும் கடைக்கு வழி தெரிகிறது! அவர் வீசிவிட்டுப் போனாலும் இன்னொருவர் பொறுக்கிக்கொண்டு போய்க் கொடுப்பார், 10 ரூபாய் தரையில் கிடந்தால் யார் விடுவார்கள்? காலி பாட்டிலை அடுக்க இடமில்லை, ஆள் போதவில்லை என்று கடை ஊழியர்கள் குறைப்பட்டது நியாயம்தான், அதற்கு ஆளும் இடமும் கொடுக்க வேண்டும், திட்டத்தையே மூட்டை கட்டக் கூடாது.

மணி அடிக்கிறீர்கள், முடித்துக்கொள்கிறேன். எதிரணிக்கு ஒரே கேள்வி. இன்றைக்கு நீங்கள் வாங்குகிற குளிர்பானத்தின் விலையிலும் அந்த பிளாஸ்டிக் பாட்டிலின் விலை இருக்கிறது. முன்பெல்லாம் பாட்டில் காசு நம் கைக்குத் திரும்பி வந்தது. இப்போது குடித்து முடித்த பிறகு அந்தப் பாட்டிலை அள்ளுகிற செலவும் நம் வரிப்பணத்தில் போகிறதே, இரண்டு முறை காசு கொடுப்பது எந்த ஊர் வசதி?