பழி சொன்ன படமும் பதில் சொன்ன படமும்

விழாத் தலைவர் அவர்களே, மழையையும் பாராமல் வந்திருக்கும் நூலக அலுவலர் ஐயா அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த பெரியவர் அவர்களே, திரைப்படச் சங்கச் செயலாளர் தம்பி அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். தலைவர் எனக்குப் போர்த்திய பொன்னாடை உண்மையில் அவருக்குச் சேரவேண்டியது. இந்த ஊரில் நல்ல படம் பார்க்க ஒரு கூட்டத்தைச் சேர்த்து, அது கலைந்துபோகாமல் காத்துவருகிறவர் அவர்தான்.

மோர்மன்களும் சினிமாவும் என்பது எனக்குத் தந்த தலைப்பு. பிறர் அவர்களைப் பற்றி எடுத்த படம், அவர்களே எடுத்த படம், இன்றைய நிலை என்று மூன்றைப் பற்றிச் சொல்ல வந்தேன். எந்த மேடையிலும் நான் விடாமல் சொல்வது ஒன்று உண்டு. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.

மோர்மன்கள் என்றால், 1830இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய கிறிஸ்தவ வழிச் சபையைச் சேர்ந்தவர்கள். 1844இல் இல்லினாய் மாநிலச் சிறையில் இருந்த அவரை ஒரு கும்பல் புகுந்து கொன்றது. அவர் வழி வந்தவர்களில் பெரும்பாலோர் பிரிகாம் யங் தலைமையில் மேற்கே நடந்து, 1847இல் உட்டாவின் உப்பு ஏரிக்கரையில் குடியேறினார்கள். அவர்களிடம் பலதார மணம் இருந்தது. 1890இல் சபை அதைக் கைவிடுவதாக அறிவித்தது. ஆனால் சினிமா அதைக் கைவிடவில்லை.

1911இல் டென்மார்க்கில் ஆகஸ்ட் புளோம் 'மோர்மன்களுக்குப் பலியானவள்' என்ற படத்தை எடுத்தார். அழகான போதகர் ஒருவர் ஒரு பெண்ணை மயக்கி, கப்பலேற்றி உட்டாவுக்குக் கொண்டுபோய் வீட்டில் அடைத்து வைக்கிறார். படத்தைத் தடுக்கச் சபையும் உட்டா ஆளுநர் வில்லியம் ஸ்பிரையும் முயன்றார்கள். அந்த எதிர்ப்பே விளம்பரமாகிப்போனது. 1922இல் இங்கிலாந்தில் இன்னொன்று வந்தது. அதில் வரும் போதகர் கண்ணாலேயே பெண்களை வசியம் செய்கிறார். அந்தக் கண்ணைத் திரை முழுக்கக் காட்டுவார்கள்.

பழி எல்லாமே பொய் என்று நான் சொல்லவில்லை. 1857இல் மவுண்டன் மெடோஸ் என்ற இடத்தில் வழிப்பயணிகள் சுமார் 120 பேரை மோர்மன் படையினர் கொன்றது வரலாறு. தீர விசாரிப்பதே மெய் என்றால் அது இரண்டு பக்கத்துக்கும்தான்.

அப்புறம், அவர்களே எடுத்த படம். நீங்கள் ரசிக்கும் கதை ஒன்று இதில் இருக்கிறது. உட்டாவின் பிரோவோ நகரில் பிரிகாம் யங் பல்கலைக்கழகம் சொந்தமாக ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தது. டிஸ்னியில் வேலை பார்த்த வெட்ஸல் விட்டேக்கர் அதை நடத்தினார். அங்கே 1969இல் 'ஜானி லிங்கோ' என்று ஒரு குறும்படம் எடுத்தார்கள். பசிபிக் கடலில் ஒரு தீவு. நம் பக்கம் பரிசம் போடுவதுபோல அங்கே மாடு கொடுத்துப் பெண் எடுப்பார்கள். எனக்கு நாலு மாடு கொடுத்தார்கள், எனக்கு அஞ்சு மாடு என்று பெண்கள் பெருமை பேசிக்கொள்வார்கள். மஹானா என்று ஒரு பெண். பெற்ற அப்பனே அவளை அவலட்சணம் என்று திட்டுகிறான். தலைமுடி முகத்தை மறைக்க, அவள் குனிந்தே நடக்கிறாள். கெட்டிக்கார வியாபாரி ஜானி லிங்கோ அவளைக் கேட்டு வருகிறான். ஊரே வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. அப்பன் துணிச்சலாக மூன்று மாடு கேட்கிறான். பேரம் பேசி ஒன்றுக்கு இறக்கிவிடுவான் என்று எல்லோரும் சிரிக்கிறார்கள். ஜானி நிதானமாகச் சொல்கிறான்: மூன்று மாடு அதிகம்தான், ஆனால் என் மஹானாவுக்கு அது போதாது, எட்டு மாடு தருகிறேன்.

சிரிப்பு அப்படியே நின்றுபோகிறது! கொஞ்ச நாள் கழித்துக் கடைக்காரர் ஒருவர் அவர்கள் வீட்டுக்குப் போகிறார், ஜானி மனைவிக்காகச் சொல்லிவைத்திருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுக்க. கதவைத் திறந்து வந்தவளை அவருக்கு அடையாளமே தெரியவில்லை. நிமிர்ந்து நடக்கிறாள். எட்டு மாட்டுக்காரி!

இந்தப் படத்தை நாம் இன்றும் பார்க்க முடிவது எப்படி? பிரதிகள் பல இடங்களில் இருந்தன, அதனால் பிழைத்தது. அப்படிப் பிழைக்காத ஒன்றைச் சொல்கிறேன். 1913இல், பழிப் படங்கள் ஓடிக்கொண்டிருந்த அதே காலத்தில், 'மோர்மன் சமயத்தின் நூறு ஆண்டுகள்' என்ற பெரிய படம் சால்ட் லேக் நகரில் திரையிடப்பட்டது. ஒன்றரை மணி நேரப் படம். எங்கள் கதை இதுதான் என்று அந்த மக்கள் சொன்ன பதில். அது அழிந்துவிட்டது. டேனிஷ்காரர் எடுத்த பழிப் படத்தின் பெரும்பகுதி அவர்கள் நாட்டுக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. கண்ணால் வசியம் செய்கிறவரும் இருக்கிறார். தீர விசாரிக்கப் போகிறவனுக்கு எதிர்த்தரப்புச் சாட்சி மட்டும்தான் கிடைக்கிறது.

நமக்கும் இதே கதிதான். தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' இன்று இல்லை. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்' இல்லை. அந்தக் காலப் படச்சுருள் சீக்கிரம் தீப்பிடிக்கும், ஈரக்காற்றில் நொதித்துப்போகும், வெள்ளிக்காக உருக்கியும் விற்றிருக்கிறார்கள்.

மூன்றாவது விஷயமாக, 2000இல் ரிச்சர்ட் டட்சர் எடுத்த 'காட்ஸ் ஆர்மி' பற்றிச் சொல்ல வைத்திருந்தேன். லாஸ் ஏஞ்சல்ஸில் வீடு வீடாகப் போகும் இளம் போதகர்களின் கதை. குறைந்த செலவில் எடுத்துத் தியேட்டரிலேயே நன்றாக ஓடி, மோர்மன் சினிமா என்று ஒரு வரிசையைத் தொடங்கிவைத்த படம். செயலாளர் தம்பி சீட்டு அனுப்பிவிட்டார், அதை இன்னொரு நாள் பேசலாம். இருக்கும் நிமிடங்களில் என் கோரிக்கையைச் சொல்லிவிடுகிறேன்.

நூலக அலுவலர் ஐயா, உங்கள் மாடியில் ஒரு அறை பூட்டிக் கிடக்கிறது. ஈரம் ஏறாத அறை. அதை எங்களுக்குத் தாருங்கள். பழைய சுருள், சினிமா நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், மூடிய டூரிங் டாக்கீஸின் கணக்கு நோட்டு, கல்யாண வீடியோ கேசட் எல்லாவற்றையும் அங்கே சேர்ப்போம். வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது என்று அதில் எழுதிவிட்டுப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம். நன்றி, வணக்கம்.