கல்யாணத்துக்கு முன்பே தனி வீடு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சேலையூர், மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் பக்கமிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

‘வேலைக்குப் போகும் பிள்ளைகள் கல்யாணம் வரை பெற்றோருடன் இருப்பதா, தனியே இருப்பதா?’ என்பது இன்றைய தலைப்பு. தனியே இருக்கட்டும் என்கிறது எங்கள் அணி. வெளியூரிலிருந்து வந்து விடுதியில் தங்குபவர்களை நான் சொல்லவில்லை, அவர்களுக்கு வேறு வழி இல்லை. தாம்பரத்தில் அப்பா கட்டிய வீடு, சோழிங்கநல்லூரில் வேலை என்று இருக்கும் பிள்ளையைத்தான் சொல்கிறேன்.

எதிரணித் தலைவர் செலவுக் கணக்கை எடுத்து வைத்தார். அது சரியான கணக்குதான். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது வெகுநாள் பழக்கம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் சொல்கிறது. ஆனால் முதல் வேலையில் இருக்கும் பிள்ளை வீட்டுக்காரரிடம் சட்டம் பேசினால் சாவி கிடைக்குமா? பெற்றோர் வீட்டில் இருந்தால் இது எல்லாமே மிச்சம்தான்.

அந்த மிச்சம் யாருடைய உழைப்பில் வருகிறது என்பதை எதிரணி சொல்லவில்லை. காலை ஏழரைக்கு கேம்ப் ரோட்டில் ஆபீஸ் கேப் வந்து நிற்க வேண்டுமென்றால், அம்மா ஐந்து மணிக்கு அடுப்படியில் நிற்கிறார். இருபத்தாறு வயதுப் பிள்ளைக்கு டப்பா கட்டுகிறார். அந்தப் பிள்ளைக்கு சிலிண்டர் எப்போது தீர்ந்தது என்று தெரியாது. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் என்பதுகூடத் தெரியாது. கெட்ட பிள்ளை இல்லை, தங்கமான பையன்தான். தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே அவனுக்கு வரவில்லை. அப்புறம் ஒரு முகூர்த்த நாளில் அந்த டப்பா அம்மா கையிலிருந்து மனைவி கைக்கு மாறுகிறது. அவளும் அதே ஏழரை மணிக்கு கேப் ஏற வேண்டிய பெண்!

என் அண்ணன் மகள் மேடவாக்கத்தில் இரண்டு தோழிகளோடு ஒரு மாடி போர்ஷன் எடுத்திருக்கிறாள். ஃப்ரிட்ஜ் பக்கத்தில் ஆணியடித்து ஒரு நாற்பது பக்க நோட்டைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பால், கேன் தண்ணீர், காய்கறி, யார் கொடுத்தார்கள், எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். மாசக் கடைசியில் கூட்டிப் பிரிப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அங்கே போனார். மகள் காபி போட்டுக் கொடுத்து, “அப்பா, தண்ணி ஒன்பது மணி வரைக்கும்தான் வரும், கை கழுவணும்னா இப்பவே கழுவிடுங்க” என்றாளாம். அதை என்னிடம் சொல்லும்போது அண்ணன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்கிறோமே, அதை அவர் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தார்.

நடுவர் அவர்களே, பையன்களை விடப் பெண்களுக்குத்தான் இந்த வாய்ப்பு முக்கியம் என்பேன். அப்பா வீட்டிலிருந்து நேராகப் புருஷன் வீடு. நடுவில், தன் சம்பளத்தில் வாடகை கட்டி, தானே பூட்டித் திறந்த ஒரு கதவு எத்தனை பேருக்கு இருந்திருக்கிறது? இங்கே உட்கார்ந்திருக்கும் அம்மாக்களைத்தான் கேட்கிறேன். பாதுகாப்பு என்று எதிரணி கேட்கும், நியாயமான கவலைதான். அதற்காகத்தான் அரசே தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் ‘தோழி’ விடுதிகளை நடத்துகிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பாதுகாப்பு வேண்டுமென்றால் இப்படி இடங்களைக் கூட்ட வேண்டும், பெண்ணை வீட்டோடு வைத்துக்கொள்வது அதற்கு வழி இல்லை.

வயதான பெற்றோரை யார் பார்ப்பது என்றும் கேட்டார்கள். ஐயா, ஐம்பத்தைந்து வயது அப்பாவுக்கு இன்று தேவை துணை இல்லை, ஓய்வு. நாளை முடியாமல் போனால் மேடவாக்கத்திலிருந்து தாம்பரம் ஒரு பஸ் தூரம். சமையலும் கணக்கும் தெரிந்த பிள்ளையால்தான் படுத்திருக்கும் அம்மாவுக்கு ஒரு கஞ்சி வைத்துக் கொடுக்க முடியும். கூடவே இருந்தும் அரிசி எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாதவன் என்ன செய்வான்?

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, இன்னும் ஒன்றே ஒன்று. இந்தக் கூட்டத்தில் மாடி போர்ஷன் வைத்திருக்கும் பல பேர் இருக்கிறீர்கள். ‘ஃபேமிலிக்கு மட்டும்’ என்று கேட்டில் போர்டு தொங்குகிறது. அந்தப் போர்டைக் கழற்றிவிட்டு, வேலைக்குப் போகும் பிள்ளைகள் வந்து கேட்டால் வீடு கொடுங்கள். மூன்று மாத அட்வான்ஸ் போதும். நன்றி, வணக்கம்.