தூக்கம் வரவில்லையா, தேவைப்படவில்லையா?

(பெங்களூரு அல்சூரில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இந்த மன்றத்தின் எந்தக் கூட்டத்தையும் தவறவிடாமல் முன்வரிசையில் அமரும் புலவர் ஐயா அவர்களே, ஞாயிற்றுக்கிழமை ஓய்வை எங்களுக்காக விட்டுக்கொடுத்து வந்திருக்கும் மனநல மருத்துவர் அம்மா அவர்களே, பொன்னாடை போர்த்திய இளைஞர் அணியினரே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

வளரிளம் பிள்ளைகளுக்கு மருத்துவர் எழுதும் மனநோயின் பெயர் ஏன் மாறுகிறது? நோய் வளர்கிறது, மருத்துவ நூல் மாறுகிறது, நம் சொல் போய்ச் சேர்வதில்லை என்று மூன்று காரணங்கள் சொல்ல வந்தேன். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்!

நூலைப் பற்றி ஒரு வார்த்தை. 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு திருத்தப்பட்டபோது பிறரோடு பழகுவதில் சிரமப்படும் சில பிள்ளைகளுக்குத் தந்த ஆஸ்பெர்கர் என்ற தனிப்பெயர் போய், அது ஆட்டிசம் என்ற பெரிய வகைக்குள் அடங்கியது. பிள்ளை அதே பிள்ளைதான்.

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் தெருவில் ஓர் அம்மா, பூக்கட்டி விற்பவர். மகனுக்குப் பதின்மூன்று வயதில் கவனக்குறைவு நோய் என்றார்கள். பதினைந்தில் மனச்சோர்வு என்றார்கள். பதினேழில் இருமுனைக் கோளாறு, அதாவது மனம் சில காலம் சோர்ந்தும் சில காலம் அளவுமீறிக் கிளர்ந்தும் போகும் நோய் என்றார்கள். "மூன்று டாக்டரும் ஏமாற்றிவிட்டார்கள் ஐயா" என்று மஞ்சள் பையிலிருந்த சீட்டுகளையெல்லாம் என் திண்ணையில் கொட்டி அழுதார். ஒவ்வொன்றாகக் கேட்டேன். அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நின்று கன்னடத்தில் சொன்னவள் பதினோரு வயதுத் தங்கை! "இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்து விடிய விடியப் பாடுகிறான், களைப்பே இல்லை" என்றாராம் தாய். அண்ணனைப் பைத்தியம் என்பார்களோ என்று பயந்த குழந்தை, "தூக்கம் வரவில்லை" என்று மட்டும் சொன்னாள். தூக்கம் வராதது வேறு, தூக்கமே தேவைப்படாதது வேறு. இரண்டாவது, பித்துநிலையின், அதாவது மனம் அளவுமீறிக் கிளர்ந்த நிலையின், முக்கிய அறிகுறி. மனச்சோர்வுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் அந்த நிலை சிலருக்கு இன்னும் ஏறும். அந்த மருத்துவர் எப்படித் தீர விசாரிப்பார்? அந்தக் குழந்தையின் தலையில் இந்தச் சுமையை வைத்தது யார்? நாம்தான்!

நோய் வளரும் கதையையும் சொல்ல வேண்டும். மனச்சோர்வாகத் தொடங்குவது, பித்துநிலை வெளிப்பட்ட பிறகே இருமுனைக் கோளாறு என்று தெரியவருவதுண்டு. நேரமாகிவிட்டதென்று தலைவர் மணியைப் பார்க்கிறார். என் கோரிக்கைக்கு வருகிறேன்.

2022-இல் தொடங்கிய 14416 என்ற அரசின் இலவச மனநலத் தொலைபேசியில் தமிழிலும் பேசலாம். இரவிலும் எடுப்பார்கள். ஆனால் மருத்துவமனை அறைக்குள் தாயின் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும். தமிழும் கன்னடமும் அறிந்த பெரியவர்கள் இருபது பேர், வாரம் ஒரு காலைப்பொழுது கொடுங்கள். கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள், வெளியில் வந்து யாரிடமும் சொல்லாதீர்கள். கூட்டம் முடிந்ததும் வாசலில் குறிப்பேட்டுடன் நிற்பேன். முதல் பெயராக என் பெயரை எழுதியிருக்கிறேன்.