டீசல் குடிப்பது டிராக்டரா, பின்னால் வரும் பெட்டியா?

[காட்சி: மேலூர் பக்கம் ஒரு நெல் களம், விடிந்து கொஞ்ச நேரம். டிராக்டரும் நாலு சக்கர டிரெய்லரும் நிற்கின்றன. கேமரா டிரெய்லரின் இடது பின்சக்கரத்துக்கு அருகே போகிறது.]

வணக்கம். இந்தச் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைப் பாருங்கள். போன தை மாத அறுவடையில் என்னைப் படாத பாடு படுத்தியது இதுதான்.

எங்கள் வயலிலிருந்து கொள்முதல் நிலையம் பன்னிரண்டு கிலோமீட்டர். லோடோடு போய் வெறும் வண்டியாகத் திரும்பினால் ஒரு நடை. எப்போதும் நடைக்கு நாலு லிட்டர் டீசல் ஆகும். திடீரென்று ஐந்து லிட்டருக்கு மேல் போக ஆரம்பித்தது. லிட்டர் தொண்ணூறு ரூபாயைத் தாண்டிவிட்ட காலம் இது. ஒரு நாளைக்கு நாலு நடை அடித்தால் முந்நூற்று அறுபது ரூபாய்க்கு மேல் காற்றோடு போகிறது என்று கணக்கு.

எனக்கு முதல் சந்தேகம் இன்ஜின் மேல். இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலைக் கழற்றிச் சர்வீஸ் செய்தேன், டீசல் ஃபில்டர் மாற்றினேன். சில ஆயிரம் செலவு. நடைக்கு அதே ஐந்து லிட்டர்தான். அப்புறம் ஒரு நாள் களத்தில் வண்டியை நிறுத்தியதும் எங்கள் டிரைவர் அண்ணன் இறங்கி, ஒவ்வொரு சக்கரமாகப் புறங்கையை ஹப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். மூன்று சக்கரம் வெதுவெதுப்பு. இடது பின்சக்கரத்தில் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். "தம்பி, இன்ஜினைப் பிரிச்சது போதும். பெட்டியைப் பிரி" என்றார்.

பிரித்துப் பார்த்தால் பேரிங்கில் கிரீஸ் காய்ந்து, கறுத்து, தார் மாதிரி இருந்தது. அதற்கு முன்னால் அந்தச் சக்கரத்தைக் கழற்றி மாட்டியவர் நட்டையும் அளவுக்கு மேல் இறுக்கியிருக்கிறார். சக்கரம் சுற்றியது உண்மை. ஆனால் பிரேக்கைப் பாதி பிடித்துக்கொண்டு ஓடுகிற மாதிரி சுற்றியது. அந்த ஹப்பில் வந்த சூடு முழுவதும் நான் காசு கொடுத்து வாங்கிய டீசல்.

[காட்சி: டிரெய்லரை ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல்.]

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வெறும் பெட்டியாக, சமமான தரையில், மற்ற சக்கரங்களுக்குக் கல் கொடுத்துவிட்டு ஒரு சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். கையால் ஒரு சுற்றுச் சுற்றி விடுங்கள். நல்ல பேரிங் என்றால் சத்தமில்லாமல் சில சுற்றுச் சுற்றி மெதுவாக நிற்கும். கரகரவென்றாலோ அரைச் சுற்றில் நின்றாலோ பிரித்துவிடுங்கள். பழைய கிரீஸை டீசலால் கழுவி, துடைத்துக் காயவைத்து, புதுக் கிரீஸை உருளைகளுக்கு உள்ளே போகும்படி உள்ளங்கையில் வைத்து அழுத்தி ஏற்ற வேண்டும். மேலாகப் பூசினால் பிரயோஜனமில்லை. நட்டைச் சக்கரம் இறுகும்வரை முடுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்தி, நட்டு கழலாமல் பிடிக்கும் ஸ்பிளிட் பின் போடுங்கள். சக்கரம் ஆடவும் கூடாது, இறுகவும் கூடாது.

[காட்சி: கொக்கியிலிருந்து அச்சின் இரண்டு முனைகளுக்கும் கயிறு பிடிக்கிறார்கள்.]

இன்னொரு சோதனைக்கு ஒரு கயிறு போதும். பெட்டியை நேராக நிறுத்தி, டிரெய்லரின் கொக்கி வளையத்தின் நடுவிலிருந்து பின் அச்சின் இடது முனைவரை கயிற்றைப் பிடித்து முடிச்சுப் போடுங்கள். அதே கயிற்றை வலது முனைக்குக் கொண்டுபோங்கள். முடிச்சு அதே இடத்தில் வர வேண்டும். இரண்டு விரல் தள்ளி வந்தால் அச்சு கோணியிருக்கிறது என்று அர்த்தம். பெட்டியைத் தாங்கும் கமான் பட்டையை அச்சோடு பிடித்திருக்கும் யு போல்ட் தளர்ந்தால் அச்சு ஒரு பக்கம் நகர்ந்துவிடும். அப்போது டயர்கள் உருள்வதோடு ரோட்டில் தேய்த்துக்கொண்டும் வரும். பெட்டி நண்டு மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து வருகிறது என்று பின்னால் பைக்கில் வருபவர்கள் சொல்வார்கள். டயரில் ஒரு ஓரம் மட்டும் தேய்வது இதற்கு அடையாளம். டீசலோடு டயர் காசும் போகும்.

டயர் என்றதும் ஏர். டிராக்டர் டயருக்கு ஏர் பார்க்கிறவர்கள்கூடப் பெட்டியின் டயரை மறந்துவிடுகிறார்கள். லோடு முழுவதும் நிற்பது அதன் மேல்தான். அதிகபட்ச லோடுக்கு எத்தனை பவுண்டு ஏர் என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சாகியிருக்கும். காலையில் டயர் சூடாவதற்கு முன்னால் பாருங்கள். டிராக்டரின் பெரிய டயரில் உழவுக்காக ஏர் குறைத்து வைத்திருந்தால், ரோட்டில் நாள் முழுக்க லோடு அடிக்கும்போது கையேட்டில் சொல்லியிருக்கும் ரோட்டு அளவுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.

[காட்சி: வறண்ட கண்மாய். தூரத்தில் கரை. டிரெய்லரில் வண்டல் மண்.]

சரி, வண்டி நன்றாக இருக்கிறது. இப்போது தடம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் டீசல் அதிகமாகப் போவது இங்கேதான்.

டிராக்டர் இரண்டு டன், பெட்டி ஒன்றரை டன், லோடு மூன்றரை டன், ஆக மொத்தம் ஏழு டன் என்று வைத்துக்கொள்வோம். நல்ல தார் ரோட்டில் இதை உருட்டிக்கொண்டு போக சுமார் நூறு கிலோ இழுவை போதும். இதே ஏழு டன்னை இளகிய மண்ணில், உழுத வயலில் இழுக்க எழுநூறு கிலோவுக்குக் குறையாது. சக்கரம் ஒவ்வொரு அடியிலும் தான் புதைந்த பள்ளத்திலிருந்து தானே ஏறி வர வேண்டியிருக்கிறது. அதாவது வயலுக்குள் அல்லது கண்மாய்க்குள் அரை கிலோமீட்டர் போவது, தார் ரோட்டில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் போவதற்குச் சமம்.

[திரையில்: இளகிய மண் அரை கி.மீ. = தார் ரோடு 3 கி.மீ.க்கு மேல்]

வண்டல் அடிக்கும்போது ஜேசிபி நிற்கிற இடம்வரை பெட்டியைக் கொண்டுபோகிறோம். ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு தடத்தில் போய்க் கண்மாயையே உழுதுவிடுகிறோம். ஒரே தடத்தைப் பிடியுங்கள். முதல் பத்து நடையில் அது இறுகிவிடும், அப்புறம் வரும் நடைகளுக்கு ரோடு மாதிரி. முடிந்தால் ஜேசிபியைக் கரைப் பக்கமாக வரச் சொல்லி அள்ளுங்கள். வயலில் நெல் மூட்டை என்றால் பெட்டியை வரப்போரத்தில் கெட்டியான இடத்தில் நிறுத்திவிட்டு ஆட்கள் பத்தடி கூடுதலாகச் சுமப்பது லாபமா என்று யோசியுங்கள். அவர்களுக்கும் அது பாரம்தான், கூலியில் பேசிக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

கரையில் ஏறுவதைப் பார்த்துப் பயப்படுகிறோம், ஆனால் ஐந்து மீட்டர் உயரம் ஏற மட்டும் செலவாகும் டீசல் முப்பத்தைந்து மில்லி அளவுதான். கரைக்கு வரும்வரை மண்ணில் உழன்று வந்ததற்குத்தான் கணக்கு ஏறுகிறது. டிராக்டர் டயர் விட்டுப்போகும் தடத்தைக் குனிந்து பாருங்கள். பட்டன் பட்டனாக அச்சு தெளிவாக விழுந்திருந்தால் நல்லது. குழம்பி இழுபட்டிருந்தால் சக்கரம் வழுக்குகிறது, இன்ஜின் ஓடுகிறது, வண்டி போகவில்லை. இரண்டு சக்கரப் பெட்டியில் லோடு பின்பக்கம் அதிகமாக இருந்தாலும் இப்படி ஆகும். கொக்கியைப் பெட்டி மேலே தூக்கும், டிராக்டரின் பின்டயர் பிடிமானம் இழக்கும். அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் பாரம் விழும்படி ஏற்றுங்கள்.

[காட்சி: டிரைவர் இருக்கையிலிருந்து. ஒத்தக்கடை தாண்டி யானைமலை தெரிகிறது.]

இப்போது ரோட்டுக்கு வருவோம். ஏழு டன் வண்டி இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் வந்து நின்று, மறுபடி அதே வேகத்தை எடுக்க சுமார் இருபது மில்லி டீசல் வேண்டும். டீ கிளாஸில் ஐந்தில் ஒரு பங்கு. கேட்கச் சின்னதுதான். ஒரு நடையில் முப்பது இடத்தில் நின்று எடுத்தால் அரை லிட்டரைத் தாண்டிவிடும். வேகம் முப்பத்தைந்து என்றால் ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதனால் வேகத்தடை எங்கே இருக்கிறது என்று தெரிந்த ரோட்டில், அதற்கு நூறு மீட்டர் முன்னாலேயே காலை எடுத்துவிடுங்கள். கியரிலேயே உருண்டு வந்து, நிற்காமல் ஏறி இறங்கினால் போதும். பிரேக் மிதிக்கிற ஒவ்வொரு முறையும் ஏற்கெனவே எரித்த டீசலைத்தான் தேய்க்கிறோம்.

கியர் விஷயத்தில் ஒரே பேச்சு: மேல் கியர், குறைந்த ஆக்சிலேட்டர். கீழ் கியரில் இரண்டாயிரம் சுற்றில் அலறவிட்டுப் போகிற அதே வேகத்தை, ஒரு கியர் மேலே போட்டு ஆயிரத்து ஐந்நூறு சுற்றில் போகலாம், டீசல் குறையும். ஆனால் கறுப்புப் புகை கக்கினாலோ இன்ஜின் திணறித் தட்டினாலோ உடனே ஒரு கியர் இறக்கிவிடுங்கள். அந்த இடத்தில் பிடிவாதம் பிடித்தால் இன்ஜினுக்கும் கேடு, டீசலுக்கும் கேடு.

இறக்கத்தில் நியூட்ரல் போடாதீர்கள். இதை நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். டீசல் மிச்சம் என்று நினைத்துச் செய்கிறார்கள், மிச்சமே ஆகாது. கியரில் இருக்கும்போது காலை எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுற்றுவதால் பம்ப் டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில் இன்ஜின் தானாக ஓட டீசல் வேண்டும். அது மட்டுமில்லை, பெரும்பாலான பெட்டிகளில் பிரேக் கிடையாது. பின்னாலிருந்து ஐந்து டன் தள்ளும்போது டிராக்டர் பிரேக் மட்டும் தாங்காது. பெட்டி மடிந்து டிராக்டரைப் புரட்டிவிடும். ஏறும்போது எந்தக் கியரோ அதே கியரில் இறங்குங்கள். டிராக்டரில் இடது, வலது பின்சக்கரத்துக்குத் தனித்தனி பிரேக் பெடல்; ரோட்டில் அந்த இரண்டையும் சேர்த்துப் பூட்டும் கொண்டியைப் போட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இதே காரணத்தால்தான், பெரிய டயரில் பாரத்துக்காக நிரப்பியிருக்கும் தண்ணீரை டீசலுக்காக இறக்கிவிடலாமா என்று கேட்பவர்களிடம், பிரேக் இல்லாத பெட்டி இழுத்தால் வேண்டாம் என்கிறேன். அந்தப் பாரம் உங்களைப் பிடித்து நிறுத்துகிறது.

[காட்சி: வைக்கோல் லோடு, இரண்டு பக்கமும் பிதுங்கி. காற்றில் வைக்கோல் பறக்கிறது.]

வைக்கோல் லோடுக்குக் கணக்கு வேறு. எடை குறைவு, ஆனால் காற்றை முட்டும் சுவர். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இருபத்தைந்தில் நாம் போக, எதிர்க்காற்று இருபத்தைந்தில் வந்தால், லோடுக்கு அது ஐம்பது. மூன்று மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம் என்றால் காற்று மட்டும் நூறு கிலோ அளவுக்குப் பின்னால் தள்ளும். ரோட்டில் உருட்டுவதற்கு வேண்டிய இழுவை எவ்வளவோ அவ்வளவு இன்னொரு மடங்கு. மேற்கே போகிற வைக்கோலை விடியற்காலையில், காற்று எழும்புவதற்கு முன்னால் அடித்துவிடுங்கள். இறுக்கிக் கட்டி, பிதுங்கலைக் குறையுங்கள்.

நான்கு வழிச்சாலையில் ஜீப்புக்குப் பின்னால் தங்கும் பெட்டியை இழுத்துக்கொண்டு சுற்றுலா போகிறவர்களுக்கும் இந்தக் காற்றுதான் முதல் எதிரி. அறுபதிலிருந்து எண்பதுக்குப் போனால் காற்றின் தடை ஒன்றே முக்கால் மடங்கு ஆகிறது. அறுபதில் போனால் மதுரையிலிருந்து திருச்சிக்கு அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் கூடுதலாகலாம், டீசல் டேங்க் நன்றி சொல்லும்.

[காட்சி: கொள்முதல் நிலைய வாசல். வரிசையாக டிராக்டர்கள், எல்லாம் ஓடிக்கொண்டிருக்கின்றன.]

வரிசையில் நிற்கும்போது இன்ஜினை நிறுத்துங்கள். சும்மா ஓடினாலே மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்கு எரியும். 1978-இல் தொடங்கிய பி.சி.ஆர்.ஏ. என்ற, எரிபொருள் சிக்கனத்துக்கான மத்திய அரசு அமைப்பு, விவசாயிகளிடம் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம் இது. செல்ஃப் எடுக்காது என்ற பயத்தில் ஓடவிடுகிறோம் என்றால் பேட்டரியை மாற்றுங்கள். நாலு மாதத்தில் அந்தக் காசு வந்துவிடும் என்பது என் அனுபவம். டீசல் குழாயில் சொட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். வினாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு, நாலு லிட்டருக்கு மேல். எனக்கு அது ஒரு முழு நடை.

ஏர் கிளீனரைக் கண்மாய் வேலை நாட்களில் தினமும் பாருங்கள், அந்தப் புழுதி இரண்டே நாளில் அடைத்துவிடும். டீசலில் மண்ணெண்ணெய் கலக்காதீர்கள், பம்ப் போய்விடும்.

அப்புறம் பாதி லோடு. ஏழு டன்னில் பாதி நம் வண்டியின் சொந்த எடை. முழு லோடோடு போய் வெறுமனே திரும்பினால் போக ஏழு, வர மூன்றரை, ஆகப் பத்தரை டன் இழுக்கிறோம். அதே லோடைப் பாதி பாதியாக இரண்டு நடையில் அடித்தால் பதினேழரை டன். வேலை ஒன்றுதான். அதற்காக அளவுக்கு மேல் ஏற்றச் சொல்லவில்லை. அரை லோடுக்கு அவசரப்பட்டுக் கிளம்பாதீர்கள், திரும்பும்போது எருவோ செங்கலோ கிடைக்குமா என்று கிளம்பும் முன்னால் ஒரு போன் போட்டுப் பாருங்கள்.

[காட்சி: நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கம், நெருக்கத்தில்.]

இதெல்லாம் பலிக்கிறதா என்று தெரிய டீசல் மீட்டர் முள்ளை நம்பாதீர்கள். சமமான இடத்தில் நிறுத்தி, டேங்கைக் கழுத்துவரை நிரப்புங்கள். நடைகளை எண்ணுங்கள். சாயங்காலம் அதே இடத்தில், அதே பக்கம் பார்த்து நிறுத்தி, மறுபடி கழுத்துவரை நிரப்புங்கள். போட்ட லிட்டரை நடைகளால் வகுத்து எழுதுங்கள். ஒரு வாரம் எழுதினால் உங்கள் வண்டியின் அளவு தெரிந்துவிடும். அது கூடினால் அன்றைக்கே ஹப்பில் கையை வைத்துப் பாருங்கள்.

இது என் நோட்டு. பேரிங் மாற்றிய மறுநாள் நாலு லிட்டர். அதற்கடுத்த நாள் மூன்றே முக்கால். பிறகு வரிசையாக நாலு, நாலு, மூன்றே முக்கால். இதோ, இந்த ஒரு நாள் மட்டும் ஐந்தரை. பக்கத்தில் டிரைவர் அண்ணன் தன் கையெழுத்தில் எழுதியிருக்கிறார்: ராத்திரி மழை, வயல் தடம் இளகல்.