நானூறு முறை சொல்லிக்கொடுத்த ரபி
(வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, தலைவருக்கும் முன்பே வந்து முதல் வரிசையில் அமர்ந்துவிட்ட வட்டாரக் கல்வி அலுவலர் அம்மா அவர்களே, ஒலிபெருக்கியும் சுக்குக் காப்பியும் உபயம் செய்த வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, என்னைப் பற்றி இல்லாததும் பொல்லாததும் நல்லவிதமாகவே சொல்லி வரவேற்ற நூலகர் தம்பி அவர்களே, வேலை நாளிலும் மெனக்கெட்டு வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கம். யாராவது பெயர் விட்டுப்போயிருந்தால் என் நினைவைத் திட்டுங்கள், நெஞ்சைத் திட்டாதீர்கள்.

ஒவ்வொரு சமயத்தாரும் பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் சொல்கிறார்கள் என்று மாதம் ஒருவர் பேசி வருகிறோம். போன மாதம் ஓதுவார் ஐயா பாடியே முடித்துவிட்டார். இந்த மாதம் எனக்கு வாய்த்தது யூதர்கள். மூன்று செய்தி சொல்லப்போகிறேன். எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் அவர்கள் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், எப்படிப் படிக்கிறார்கள், பெண் பிள்ளைகள் அதற்குள் எப்படி வந்தார்கள்.

ஐந்து வயதில் வேதம், பத்தில் மிஷ்னா என்ற வாய்மொழிச் சட்டத் தொகுப்பு, பதின்மூன்றில் கட்டளைகள், பதினைந்தில் மிஷ்னாவுக்கு விரிவுரையான தல்மூத் என்று அவர்களுடைய பழைய நூல் ஒன்று வயதுக்கணக்கு போட்டிருக்கிறது. ஆக, நம் நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அங்கே வேதத்துக்கும் மிஷ்னாவுக்கும் நடுவாசலில் நிற்கிறது. அதன் புத்தகத்தில் மேலே தோரா என்ற அவர்கள் வேதத்தின் மூலம், கீழே 11ஆம் நூற்றாண்டில் பிரான்சின் திருவா நகரில் வாழ்ந்த ராஷி என்ற அறிஞர் எழுதிய உரை. அந்த உரையை அச்சடிக்கும் எழுத்துக்கு வடிவமே வேறு. பிள்ளை இரண்டாவது தடவையாக அரிச்சுவடி படிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு விட்டதா? எபிரேயத்தில் உயிரொலிகளைப் புள்ளியும் கோடுமாகப் போடுவார்கள். தொழுகைக்கூடத்துத் தோரா சுருளில் அந்தப் புள்ளியும் கிடையாது, ராகக் குறியும் கிடையாது. இதற்கென்றே ஒரு பயிற்சிப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். ஒரு பத்தியில் புள்ளியோடு, பக்கத்துப் பத்தியில் அதே வசனம் மொட்டையாக. புள்ளியுள்ள பத்தியைப் பார்த்துப் படித்துவிட்டு, பிறகு அதைப் பாராமல் மொட்டைப் பத்தியை வாசிக்க வேண்டும். பதின்மூன்று வயதில் சபை நடுவே நின்று, தோல் சுருளில் விரல் படாமல் வெள்ளிக் குச்சியால் வரியைத் தொட்டுத் தொட்டு வாசிக்கப்போகிற பையனுக்கு அப்படித்தான் பழக்கம்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும். நான் எந்த மேடையில் ஏறினாலும் இதைத்தான் சொல்கிறேன் என்று சிலருக்குக் குறை. சொல்லட்டும். ரபி என்றால் அவர்களுடைய வேத ஆசான். ரபி அகிவா என்ற மகா பண்டிதர் 40 வயது வரை எழுத்தறியாதவர். ஒரு நாள் கிணற்றடிக் கல்லில் குழி விழுந்திருப்பதைப் பார்த்தார். தினமும் சொட்டுகிற தண்ணீர் செய்த வேலை என்றார்கள். நேரே மகனைக் கூட்டிக்கொண்டு பிள்ளைகளின் வாத்தியாரிடம் போனார். எழுத்துப் பலகையின் ஒரு முனையை அப்பன் பிடிக்க, மறுமுனையை மகன் பிடிக்க, இருவரும் சேர்ந்தே படித்தார்களாம். அவர்கள் ஊரில் தண்ணீர், நம் ஊரில் எறும்பு.

இப்போது ஒரு கதை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், இருந்தாலும் இதைச் சொல்லாமல் இறங்க மாட்டேன். தல்மூதில் இருக்கிறது. ரபி பெரீதா என்று ஒருவர். அவரிடம் ஒரு மாணவன். எந்தப் பாடமானாலும் 400 முறை சொன்னால்தான் அவனுக்கு ஏறும். நாலு முறை என்றால் நாமும் சொல்வோம். ஐந்தாவது முறை, "உங்க அப்பாவை வரச் சொல்லுடா" என்போம். இவர் தினமும் 400. ஒரு நாள் ஏதோ தருமகாரியம் என்று ரபியைக் கூப்பிட ஆள் வந்தது. இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு வழக்கம்போல் 400 முறை முடித்தார். பையனுக்கு ஒன்றும் ஏறவில்லை. "இன்றைக்கு என்னப்பா ஆயிற்று?" என்றார். "ஐயா, உங்களைக் கூப்பிட ஆள் வந்ததிலிருந்தே என் மனசு பாடத்தில் இல்லை. இப்போது எழுந்துவிடுவீர்கள், இப்போது எழுந்துவிடுவீர்கள் என்றே இருந்தேன்" என்றான். ஐயா, அம்மா, இதைச் சொன்னது மந்தப் பிள்ளையா? எந்தப் பயிற்சி வகுப்பிலும் நமக்கு இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. ரபி சொன்னார்: "நான் எங்கேயும் போகவில்லை. கவனி." மறுபடியும் 400 முறை! வானத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "உனக்கு 400 ஆண்டு ஆயுள் வேண்டுமா, நீயும் உன் தலைமுறையும் மறுமைப் பேறு அடைய வேண்டுமா?" தலைமுறைக்கே கொடுங்கள் என்றார். இரண்டையும் கொடுங்கள் என்று கடவுள் உத்தரவிட்டாராம். வாத்தியாருக்குக் கேட்டது எல்லாம் கிடைத்ததாக நான் கேள்விப்பட்ட ஒரே இடம் இதுதான். (கைதட்டல்)

சரி, அந்த ரபிக்கு முன்னால் 50 பிள்ளை உட்கார்ந்திருந்தால் இது நடக்குமா? எறும்பு ஊரக் கல்லும் தேயும், ஆனால் எறும்பு அந்தக் கல்லுக்கு வந்து சேர வேண்டுமே! இதையும் அவர்கள் யோசித்திருக்கிறார்கள். எருசலேம் ஆலயம் கி.பி. 70இல் இடிபடுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, யோசுவா பென் கம்லா என்ற தலைமைக் குரு, ஊருக்கு ஊர் ஆசிரியர், ஆறேழு வயதில் சேர்க்கை என்று ஏற்பாடு செய்தார். அதற்கு முன் அப்பன் உள்ள பிள்ளை அப்பனிடம் படித்தது, அப்பன் இல்லாத பிள்ளை படிக்கவே இல்லை. பிறகு பாபிலோனில் 4ஆம் நூற்றாண்டில் ராவா என்ற அறிஞர் கணக்கே போட்டுவிட்டார். 25 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர். 40 ஆனால் ஓர் உதவியாளர், அதற்கு ஊர் கைகொடுக்க வேண்டும். 50 ஆனால் இரண்டு ஆசிரியர். பிள்ளையை ஆறு தாண்டி அனுப்பக் கூடாது, பாலம் இருந்தால் அனுப்பலாம், ஒற்றைப் பலகைப் பாலம் என்றால் கூடாது. பள்ளிகளை இணைக்கக் கோப்பு தயாரிக்கிறவர்கள் இந்தப் பலகையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.

நம் 2009 கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளை வரைக்கும் 2 ஆசிரியர் என்கிறது. ஆளுக்கு 30 தானே, பரவாயில்லையே என்பீர்கள். வகுப்பு ஐந்தாயிற்றே! ஒருவர் மூன்று வகுப்பைக் கட்டி மேய்க்க வேண்டும். கல்வி அலுவலர் அம்மா சிரிக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை, மேசையில் வந்த ஆணையைத்தானே அவர்களும் நடத்த முடியும்.

எப்படிப் படிக்கிறார்கள் என்பதற்கு ஒரு வரி. இரண்டு பிள்ளை, ஒரு புத்தகம், எதிரும் புதிருமாக உட்கார்ந்து உரக்க வாதாடுவார்கள். சத்தம் கேட்டால் அங்கே தலைமையாசிரியர் பிரம்போடு வருவதில்லை. இதுவும் 50 பேர் வகுப்பில் ஆகிற காரியமில்லை.

துண்டுச் சீட்டு வந்துவிட்டது. பெண் பிள்ளைகள் பற்றி நிறையப் பேச இருந்தேன். 1838இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ரெபெக்கா கிராட்ஸ் என்ற யூதப் பெண்மணி ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி தொடங்கினார். 1917இல் போலந்தின் கிராக்கோவில் சாரா ஷெனிரர் என்ற தையற்காரப் பெண்மணி பெண்களுக்கென்றே வேதப் பள்ளி தொடங்கினார். தலைவர் இன்னொரு தேதி கொடுத்தால் அதை மட்டுமே பேசுகிறேன்.

வாசல் மேசையில் ஒரு மனு இருக்கிறது. தொடக்கப் பள்ளியில் 25 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், வகுப்புக்கு ஒருவராவது கட்டாயம், அவ்வளவுதான் கோரிக்கை. போன தடவை கொடுத்த மனுவுக்குப் பதில் வரவில்லை. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று மறுபடியும் எழுதியிருக்கிறேன். பெயரைத் தெளிவாக எழுதுங்கள், கையெழுத்துக்குப் பக்கத்தில் ஊரையும் போடுங்கள். பேனாவை நூலில் கட்டியிருக்கிறோம், அதை யாரும் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டாம்.