காபி தூக்கத்தை விரட்டுதா? மூளைக்குள்ள நடக்கிற இடம்பிடிக்கிற சண்டை

[திரையில்: ஆவி பறக்கும் காபி கப். இசை வேண்டாம்.]

காபி குடிச்சா சுறுசுறுப்பு வரும்னு சொல்றோம் இல்லையா? அந்தக் கப்புல சுறுசுறுப்புன்னு எதுவும் இல்ல. காஃபீன் மூளைக்குள்ள போய்ச் செய்யிற முக்கியமான வேலை, துண்டு போட்டு இடம் பிடிக்கிறது.

நீங்க கண் முழிச்ச நேரத்துலேருந்து மூளையில அடினோசின்னு ஒரு பொருள் கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்துகிட்டே வருது. அது வந்து உட்கார நரம்பு செல்கள் மேல தனி இருக்கை உண்டு. ரிசெப்டர்னு சொல்வாங்க, தமிழ்ல ஏற்பி. அடினோசின் அதுல உட்கார உட்கார மூளை மந்தமாகும், கொட்டாவி வரும். காஃபீன் பார்க்க அடினோசின் சாயல்லயே இருக்கும். நேரா போய் அதே இருக்கையில உட்கார்ந்துக்கும், ஆனா ஒரு வேலையும் செய்யாது. அடினோசின் இடமில்லாம வெளியிலேயே நிக்கும். உங்க சோர்வு அப்படியேதான் இருக்கு, அந்தச் செய்திதான் உங்களுக்கு வந்து சேரலை.

குடிச்ச காஃபீன்ல பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். சாயங்காலம் 6 மணிக்குக் குடிச்சுட்டு, ராத்திரி 11 மணிக்கு "தூக்கமே வரலை"ன்னு புலம்புறவங்க இதைக் கொஞ்சம் கணக்குல எடுத்துக்குங்க.

இன்னிக்கு வீடியோ முழுக்க இந்த இருக்கைக் கதைதான். சிகரெட், கோகெய்ன், மது, மார்ஃபீன் எல்லாமே மூளையில ஏற்கெனவே நடந்துகிட்டிருக்கிற வேலைக்குள்ளதான் மூக்கை நுழைக்குது.

[திரையில்: இரண்டு நரம்பு செல்கள். நடுவில் உள்ள இடைவெளி மெல்லப் பெரிதாகிறது.]

மூளையில சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கு. ஒரு செல்லுக்குள்ள செய்தி மின்சாரமா ஓடும். ஆனா பெரும்பாலான இடங்கள்ல ஒரு செல் அடுத்த செல்லைத் தொடாது. நடுவுல சுமார் 20 நானோமீட்டர் இடைவெளி. ஒரு தலைமுடியோட தடிமனுக்குள்ள இப்படி ஆயிரக்கணக்கான இடைவெளிகளை அடுக்கிடலாம். இந்தச் சந்திப்புக்குப் பேர்தான் சினாப்ஸ். மின்சாரம் அதோட கரைக்கு வந்ததும், நுனியில இருக்கிற குட்டிப் பைகள் வாய் திறந்து ரசாயனத்தைக் கொட்டும். அந்த ரசாயனம், அதாவது நரம்புக்கடத்தி, எதிர்க்கரையில இருக்கிற ஏற்பியில போய் உட்காரும்.

இடைவெளியைத் தாண்டுறது ரசாயனம்தான்னு காட்டினவர் ஓட்டோ லோவிங்கிற விஞ்ஞானி. வருஷம் 1921. சோதனையை எப்படிச் செய்யணும்னு ராத்திரி கனவுல வந்துச்சாம். எழுந்து துண்டுச்சீட்டுல கிறுக்கிட்டுப் படுத்திருக்கார். காலையில அவர் எழுத்து அவருக்கே புரியல! மறுநாள் ராத்திரி திரும்பவும் அது ஞாபகத்துக்கு வர, இந்தத் தடவை நேரா ஆய்வுக்கூடத்துக்கே போயிட்டார். இது அவரே பின்னாடி சொன்ன கதை.

[திரையில்: இரண்டு கண்ணாடிக் குவளைகள், இரண்டு தவளை இதயங்கள்.]

ரெண்டு தவளை இதயம், ரெண்டும் துடிச்சுகிட்டிருக்கு. முதல் இதயத்துல, மூளையிலேருந்து இதயத்துக்கு வர்ற வேகஸ் நரம்பு ஒட்டியிருக்கு. அந்த நரம்பை மின்சாரத்தால தூண்டினார், துடிப்பு மெதுவாச்சு. பிறகு அந்த இதயத்துல இருந்த உப்புக் கரைசலை மட்டும் எடுத்து ரெண்டாவது இதயத்துல விட்டார். அதோட நரம்பை யாருமே தொடலை. ஆனா அதுவும் மெதுவாச்சு. அந்தத் தண்ணியில இருந்த பொருள்தான் அசிடைல்கோலின். 1936-ல, நரம்புச் செய்தி ரசாயனம் வழியா கடக்குதுன்னு காட்டினதுக்காக, பிரிட்டன் விஞ்ஞானி ஹென்றி டேலும் லோவியும் நோபல் பரிசைப் பகிர்ந்துகிட்டாங்க.

சிகரெட்டுல இருக்கிற நிகோட்டின், இந்த அசிடைல்கோலினோட இருக்கையில ஒரு வகையைத்தான் பிடிக்குது. காஃபீன் மாதிரி சும்மா உட்காராது, அசிடைல்கோலின் மாதிரியே நடிச்சு செல்லைத் தட்டி எழுப்பும். ஒரு இழுப்பு இழுத்தா 10, 20 விநாடியில மூளைக்குள்ள இருக்கும்.

கோகெய்ன் இருக்கைப் பக்கமே போகாது. டோபமின்னு இன்னொரு நரம்புக்கடத்தி. கொட்டின டோபமினைத் திரும்ப உறிஞ்சி எடுத்துக்கிற பம்ப் ஒண்ணு இருக்கு, அதை அடைச்சுடும். டோபமின் போக வழியில்லாம இடைவெளியிலேயே தேங்கி நிக்கும்.

டோபமினை "சந்தோஷ ஹார்மோன்"னு சொல்லிச் சொல்லி அதோட பேரையே கெடுத்துட்டாங்க. நடுமூளையிலேருந்து முன்பக்கமா போற ஒரு பாதையில அது செய்யிறது, "இது வேணும், இன்னும் வேணும்"ங்கிற உந்துதல். அதே நடுமூளையில, பக்கத்துலயே கருப்பா ஒரு பகுதி இருக்கு, சப்ஸ்டான்ஷியா நைக்ரா. அங்கேருந்து கிளம்புற டோபமின் உங்க கைகால் அசைவைப் பார்த்துக்குது. அந்தச் செல்கள் அழிஞ்சா வர்றதுதான், கை நடுங்கி அசைவு மெதுவாகிற பார்க்கின்சன் நோய். ரசாயனம் ஒண்ணுதான், போய்ச் சேர்ற இடத்தைப் பொறுத்து வேலை மாறுது.

அப்போ டோபமினையே மாத்திரையா கொடுத்துடலாமேன்னா, முடியாது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல ஒரு தடுப்பு இருக்கு, டோபமினை உள்ளே விடாது. அதோட மூலப்பொருளான லெவோடோபாவை விட்டுடும். அதனால அதைக் கொடுக்கிறாங்க, மூளை உள்ளே வெச்சு டோபமினா மாத்திக்குது.

[திரையில்: ஒரு தராசு. ஒரு தட்டில் மது பாட்டில், மறு தட்டில் மூளை எடைக்கற்களை அடுக்குகிறது.]

இதுக்கெல்லாம் மூளை சும்மா பார்த்துகிட்டு இருக்காது.

மூளையோட பிரேக் காபாங்கிற நரம்புக்கடத்தி. ஆக்சிலரேட்டர் குளூட்டமேட். மது பிரேக்கை அழுத்தும், ஆக்சிலரேட்டரையும் தளர்த்தும். பேச்சு குழறுது, கால் தள்ளாடுது. தினமும் குடிச்சா மூளை இதுக்கு ஈடுகட்டும்: பிரேக்கைத் தளர்த்தி, ஆக்சிலரேட்டரைக் கூட்டி வெச்சுக்கும். "எனக்கு எவ்வளவு அடிச்சாலும் ஏறாது"ன்னு சிலர் பெருமையா சொல்றாங்களே, அது இதுதான். அந்த நிலையில திடீர்னு மதுவை நிறுத்தினா, அழுத்திகிட்டிருந்த கால் போயிடும், கூட்டி வெச்ச ஆக்சிலரேட்டர் மட்டும் மிஞ்சும். நடுக்கம், பதற்றம், சிலருக்கு வலிப்பு, மனக்குழப்பம், உயிருக்கே ஆபத்து. வருஷக்கணக்கா அதிகமா குடிச்சவங்க ஒரே நாள்ல தானா நிறுத்தாம, டாக்டர் மேற்பார்வையில நிறுத்தணும்னு சொல்றது இதனாலதான். காபியை விட்டவங்களுக்கு ரெண்டு நாளா மண்டையிடி வருதே, அதுவும் இதே கணக்குதான், சின்ன அளவுல.

கடைசியா மார்ஃபீன், கடுமையான வலிக்குக் கொடுக்கிற மருந்து. அதுக்கும் மூளையில ஒரு இருக்கை இருக்கு. ஏன் இருக்கணும்? 1975-ல ஸ்காட்லாந்தின் அபர்டீன்ல ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் விடை கண்டுபிடிச்சாங்க. வலியைத் தணிக்க மூளை தானே ஒரு பொருளைச் சுரக்குது, என்கெஃபலின். அதுக்காக இருக்கிற இருக்கையிலதான் மார்ஃபீன் போய் உட்காருது.

சிக்கல் என்னன்னா, அதே இருக்கைகள் மூளைத்தண்டுலயும் இருக்கு, மூச்சை நடத்துற செல்கள் மேல. அளவு மீறினா வலியோட மூச்சும் அடங்கும். பழகினவங்க மூளை ஓரளவு ஈடுகட்டியிருக்கும். சில வாரம் விட்டா அந்தத் தாங்குதிறன் போயிடும். அப்புறம் பழைய அளவையே எடுத்தா, அதுவே உயிரை எடுத்துடும்.

[திரையில்: மூக்கில் அடிக்கும் சிறிய ஸ்பிரே.]

இதுக்கு முறிமருந்து நாலாக்ஸோன். அதே இருக்கை, மார்ஃபீனை விட இறுக்கமான பிடி. மார்ஃபீனைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துக்கும், ஆனா வேலை செய்யாது. சில நிமிஷத்துல மூச்சு திரும்பும். ஆனா இதோட வேலை 30-லேருந்து 90 நிமிஷம்தான் நிக்கும். அதுக்குள்ள ரத்தத்துல மிச்சமிருக்கிற போதைப்பொருள் தீர்ந்திருக்கணும்னு கட்டாயம் இல்ல. நாலாக்ஸோன் எழுந்ததும் அது திரும்பவும் வந்து உட்காரும். கண் முழிச்சு "நான் நல்லாத்தான் இருக்கேன், போறேன்"னு சொல்றவரையும் ஆஸ்பத்திரியில பிடிச்சு உட்கார வைக்கிறது அதனாலதான்.